பீரோவில் பூட்டிய காமிக்ஸ்

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேரிடமாவது நான் ஒரு காமிக்ஸ் புத்தகம் பிடுங்கியிருப்பேன். கணக்குப் புத்தகத்துக்குள் இரும்புக்கை மாயாவியை வைத்துப் படித்தவர்கள், பெஞ்சுக்கடியில் டெக்ஸ் வில்லரைக் குதிரை ஓட்டவிட்டவர்கள், எல்லாரும் ஞாபகத்தில் இருக்கிறீர்கள். பரீட்சை முடிந்ததும் சிலதைத் திருப்பிக் கொடுத்தேன். சிலதைக் கொடுக்கவில்லை. அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் பேத்தி என்னை என்ன பாடு படுத்தினாள் என்று சொல்ல வேண்டும்.

லீவுக்குச் சென்னையிலிருந்து வந்தவளின் பையில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம். "இது மாங்கா, அம்மாச்சி" என்றாள். நம்ம ஊர் வெயிலில் எனக்கு ஊறுகாய் நினைப்புதான் வந்தது. ஜப்பான் சித்திரக்கதையாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம். அது தெரியாமல் நான் மூன்று பக்கம் பின்னாலிருந்து முன்னால் படித்துவிட்டு, "என்னடி, செத்தவன் எழுந்து காபி குடிக்கிறான்" என்று கேட்டதை அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

படித்தது ஹிரோமு அராகவா என்ற பெண்மணி வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. 2001 முதல் 2010 வரை ஒரு மாத இதழில் தொடராக வந்து, 27 புத்தகங்களில் முடிந்த கதை. மூன்று வாரத்தில் முடித்தேன். மருமகன் போனில், "அத்தை, நீங்களுமா? சண்டைப் படம்தானே அது" என்றார். அப்படித்தான் நானும் முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

சித்திரக்கதை நமக்குப் புதுசு இல்லை. தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் படித்த காமிக்ஸ் நம்ம சிவகாசியில்தான் பிறந்தது. முத்து காமிக்ஸ் 1972-ல், முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. லயன் காமிக்ஸ் 1984-ல், அதில் முதலில் வந்தவள் மாடஸ்டி. வெளியூரில் பையன்கள் கடைக்கு எப்போது வரும் என்று ஏங்கிக் கிடந்த புத்தகம், இங்கே நம் சித்தப்பாமார் வேலை பார்த்த அச்சாபீஸ்களின் ஊரில் தயாரானது. அதன் அருமை நமக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூட விபத்தில் கை போனவன், இரும்புக்கை மாட்டியவன், மின்சாரம் தொட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் மிதக்கும். பிரிட்டனில் வேலியண்ட் என்ற வார இதழில் 1962-ல் வந்த கதை. எங்கள் ஊரில் பிளக்கில் விரலை விடப்போய் அடி வாங்கிய ஒரு பையனின் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், அவனுக்கே இப்போது பேரன் இருக்கிறான். விறுவிறுப்புக்கு அந்தக் கதையில் குறைவே கிடையாது. ஆனால் புத்தகத்தை மூடினால் மாயாவி பழைய மாயாவிதான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே தெரியும். அடுத்த மாதம் வேறு வில்லன். தீபாவளிச் சரம் மாதிரி, வெடிக்கும்வரை கொண்டாட்டம், அப்புறம் காகிதக் குப்பை. தப்பில்லை, அதுவும் வேண்டியதுதான்.

'இரத்தப் படலம்' வேறு மாதிரி. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த 'பதிமூன்று' என்ற கதை, லயன் காமிக்ஸில் தமிழில் வந்தது. கடற்கரையில் ஒருவன் ஒதுங்குகிறான். தலையில் குண்டுக் காயம். தான் யாரென்று தெரியாது. கழுத்தெலும்பின் மேல் ரோமன் எழுத்தில் பதிமூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. அவ்வளவுதான் ஆரம்பம். ஒவ்வொரு பாகத்திலும் அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கும், அது அவன் பெயர் இல்லை என்று அடுத்ததில் தெரியும். நோட்டின் பின்னட்டையில் பையன்கள் யார் யாருக்கு என்ன உறவு என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அல்ஜீப்ராவுக்கு அந்த அக்கறையைக் காட்டவில்லையே என்று திட்டினேன். பிரெஞ்சில் முதல் ஆல்பம் 1984-ல் வந்தது, பத்தொன்பதாவது 2007-ல். இருபத்து மூன்று வருஷம்! பத்து வயதில் ஆரம்பித்த பையன் மீசை நரைக்கத் தொடங்கும்போது விடை தெரிந்துகொள்கிறான். 18 பாகங்களையும் சேர்த்து 2010-ல் ஒரே தலையணைப் புத்தகமாக லயனில் போட்டபோது அதை வாங்கியவர்களில் என் மாணவர்கள் நாலு பேராவது உண்டு. குழந்தைக்கு வாங்கினோம் என்று மனைவியிடம் சொல்லியிருப்பீர்கள்.

காத்திருக்க வைப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்குச் சாட்சி கன்னித்தீவு. அறுபதுகளிலிருந்து தினத்தந்தியில் வந்துகொண்டிருக்கிறது, நம் வீடுகளில் முடியாத வேலைக்கெல்லாம் அதுதான் பெயர். என் மாமியார் தினமும் அதைப் படித்தார். ஆனால் ஒரு நாளும் அதற்காகக் கண் கலங்கியதில்லை. அதே மாமியார் கல்கியில் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 54 வரை வந்தபோது சின்னப் பெண். கிழிந்துபோன அந்தப் பக்கங்களைத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களைக் கேட்டாலும் கொடுப்பார், அந்தப் பைண்டிங்கைத் தர மாட்டார்.

என்ன வித்தியாசம்? நல்ல தொடர் நாம் ஞாபகம் வைத்திருப்பதைத் தானும் ஞாபகம் வைத்திருக்கிறது. பேத்தி எனக்கு 'ஒன் பீஸ்' கதையைச் சொன்னாள். எய்ச்சிரோ ஓடா 1997-ல் தொடங்கி வாரா வாரம் வரைந்த கதை. அதில் ஒரு திமிங்கலம், லபூன் என்று பெயர். தன்னை வளர்த்த கடல்கொள்ளையர்கள் உலகம் சுற்றித் திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனவர்கள். ஐம்பது வருஷமாக அது மலையில் தலையை முட்டி முட்டிக் காத்துக்கிடக்கிறது. நாயகன் அதோடு ஒரு சண்டை போட்டு, மீண்டும் வந்து சண்டையை முடிக்கிறேன், அதுவரை முட்டாதே என்று அதன் தலையில் கொடி அடையாளத்தை வரைந்துவிட்டுப் போகிறான். சின்ன விஷயம், வாசகர்கள் மறந்தே போயிருப்பார்கள். ஏழெட்டு வருஷம் கழித்துத் தனியாக ஒரு கப்பலில் அலையும் எலும்புக்கூடு ஒன்று வருகிறது. பாட்டுப் பாடும், தமாஷ் பண்ணும். அந்தத் திமிங்கலத்துக்கு வாக்குக் கொடுத்த கூட்டத்தில் மிச்சம் இருப்பது அதுதான். திமிங்கலம் இன்னும் காத்திருக்கிறது என்று அதனிடம் சொல்கிறார்கள். பேத்தி இதைச் சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. ஏழு வருஷம் காத்திருந்தவனுக்கு அந்த ஒரு பக்கம் வட்டியோடு திரும்பி வருகிற பணம். நேற்று ஆரம்பித்து ஒரே மூச்சில் படிக்கிறவளுக்கே இப்படி என்றால், வாரா வாரம் காத்திருந்து படித்த பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டாவது ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. போனது திரும்பி வரக்கூடாது. 'டிராகன் பால்' பிரியர்கள் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். ஏழு உருண்டைகளைச் சேர்த்துவிட்டால் செத்தவரை எழுப்பலாம் என்று ஆகிவிட்ட பிறகு, சாவுக்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும்? ஃபுல்மெட்டல் கதையில் நேர் எதிர். அண்ணன் தம்பி இரண்டு பேர், எட்வர்டும் அல்ஃபோன்ஸும். அம்மா நோயில் போய்விடுகிறாள். ரசவாதம் படித்த பிள்ளைகள் அம்மாவைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஒன்றைப் பெற அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வித்தையின் விதி. பெரியவனுக்கு ஒரு கால் போகிறது, சின்னவனுக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்கப் பெரியவன் கையையும் கொடுக்கிறான். அம்மா வரவில்லை. 27 புத்தகம் முடியும்வரை வரவில்லை. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.) பின்னால் ஓரிடத்தில் பெரியவன், தாங்கள் அன்று உருவாக்கியது உண்மையிலேயே அம்மாதானா என்று தோண்டிப் பார்க்கிறான். முடியின் நிறம் வேறு. அது அம்மா இல்லை. அம்மாவை இரண்டாவது முறையும் கொன்றுவிட்டோம் என்று அத்தனை நாள் சுமந்தது பொய் என்று தெரிகிற அந்தப் பக்கத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அதே கதையில் ஓர் அதிகாரியின் சவ அடக்கம் வருகிறது. அவருடைய சின்ன மகள், அப்பா மேல் ஏன் மண்ணைப் போடுகிறார்கள், அவருக்கு நிறைய வேலை இருக்கிறதே என்று அழுகிறாள். இதை ஜப்பான் கதை என்று நம்மால் தள்ளிவிட முடியுமா? 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் நடந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பட்டாசு ஆபீஸ், எத்தனை வீடு. ஒரு துக்க வீட்டில் ஒரு குழந்தை அம்மாவின் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன், மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போவாளாம்.

ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அப்பாவையும் அக்காவையும் தம்பியையும் பறிகொடுத்த கெய்ஜி நாகசாவா, 1973-ல் 'பேர்ஃபுட் ஜென்' என்று அந்தக் கதையைச் சிறுவர் வார இதழில் தொடராக வரைந்தார். அதைப் பேத்தியிடம் இரவல் வாங்கி ஒரு புத்தகம்தான் படித்தேன். இடிந்த வீட்டுக்கடியில் அவர்கள் மாட்டிக்கொண்டிருக்க, தீ நெருங்கி வருகிற இடத்துக்கு மேல் போக முடியவில்லை. நம்ம ஊர்க்காரியால் முடியாது.

சோகம் மட்டும்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துக் கதையில் நாட்டிலேயே பெரிய அணியைப் பிள்ளைகள் ஜெயிக்கிறார்கள். கடைசி நிமிஷங்களைப் பேச்சே இல்லாமல் வரைந்திருக்கிறார் டகேஹிகோ இனோவே. அடுத்த ஆட்டத்தில் அந்த அணி தோற்றுப்போனது என்று போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். ஜெயித்த சந்தோஷம் அதனால் குறையவே இல்லை. கபடி டீமில் இருந்தவர்களுக்குப் புரியும்.

இப்போது பீரோ விஷயம்.

எண்பதுகளின் கடைசி. எட்டாவது படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். அம்மா பட்டாசு ஆபீஸ் விபத்தில் போய், காரியம் முடிந்து பள்ளிக்கூடம் வந்த வாரம். கணக்கு வகுப்பில் டெஸ்குக்கடியில் ஏதோ மடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தால் புத்தகம் இல்லை, பைண்டிங்குக்குப் போகாத கழிவு ஃபாரம். அச்சாபீஸில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. ஃபாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கங்கள் வரிசையாக இருக்காது, பாதி தலைகீழாக இருக்கும், சரியாக மடித்தால்தான் கதை வரும். அவன் அதை மடித்து மடித்துக் கதையைச் சேர்த்துக்கொண்டிருந்தான். இரத்தப் படலம். "வீட்டில் இவ்வளவு நடந்திருக்கு, உனக்குப் பொம்மைக் கதை கேக்குதா?" என்றேன். வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

சாயங்காலம் மணி அடித்த பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். ஃபாரத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "டீச்சர், நடுவுல எட்டுப் பக்கம் இல்ல. அவன் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருச்சா, அத மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றான்.

நான் அதையெல்லாம் படிக்கிறவள் இல்லை, போய் வாய்ப்பாடு எழுதிக்கொண்டு வா என்றேன். அந்த வருஷத்தோடு அவன் நின்றுவிட்டான். பைண்டிங் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

பழுப்பேறிப் போயிருக்கிறது, மடிப்பில் கிழிந்தும் இருக்கிறது. அவன் மடித்தபடியே இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. முழுக்கதையையும் இப்போது படித்துவிட்டேன்ய்யா. கடைசியில் அவன் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நாரணாபுரத்தில் அதே வீடுதான், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எப்போதும் இருப்பேன். வந்தால் அந்த எட்டுப் பக்கத்தையும் சொல்கிறேன். ஃபாரத்தையும் எடுத்துக்கொண்டு போ.