சாயவேரும் இம்பூறலும்

சாயவேர் யாது என்று வகுப்பிலே வினவினேன். எதிரில் இருந்தோர் மன்னாரிற் பிறந்து வளர்ந்த மாணாக்கர். ஒருவரும் விடை பகர்ந்திலர். இம்பூறல் யாது என்றேன். ஒருத்தி மாத்திரம், "அம்மம்மா இருமலுக்கு அவிச்சுத் தாற பூடு, ஐயா" என்றாள். இரண்டும் ஒன்றே என நான் கூறவும் அவள் நம்பினாளில்லை. சாயக்காரன் ஒரு பெயரிட்டான். வைத்தியன் மற்றொரு பெயரிட்டான். முதற் பெயர் நம் ஊரில் இறந்துவிட்டது.

மணற்பாங்கான நிலத்தில் தரையோடு ஒட்டிப் படர்ந்து, சின்னஞ்சிறு வெண்பூப் பூக்கும் இப்பூட்டின் பெருமை மண்ணுக்குக் கீழேதான் உள்ளது. அதன் மெல்லிய நீண்ட வேர், படிகாரம் ஊட்டிய துணியிலே மங்காச் செந்நிறம் பற்றச் செய்யும். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் கடல் கடந்து விலைபோனமைக்கு இவ்வேரும் ஒரு காரணம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வேர் தோண்டுதல் ஒரு குறித்த மக்கட் பிரிவினர்மேற் சுமத்தப்பட்ட ஊழியமாயிருந்தது. தோண்டியதைக் கும்பனி குறித்த விலைக்கே அவர்கள் கொடுத்தல் வேண்டும். 1868 இல் சேர்மனிய இரசாயன அறிஞராகிய கிராபே, லீபர்மான் என்போர் இவ்வேரின் சாயப்பொருளாகிய அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். பின்னர் வேர் தேடுவாரும் அருகினர்.

செயற்கைச் சாயமே இத்தொழிலை அழித்தது என்பர். அது பாதி உண்மை. நிலம் அரசனது, வேர் கும்பனியது, முதுகு மட்டுமே தோண்டுவோனது என்றிருந்த தொழிலில், அடுத்த ஆண்டுக்கு நாலு செடியை விதைக்கு விட்டுவைக்க அவனுக்கு என்ன பற்று இருந்திருக்கும்? வேரைத் தோண்டினால் செடியே போயிற்றன்றோ? இலை கொய்வது போன்றதன்று இது.

மறுகரையில் இதனைப் பயிரிட்டும் வந்தனர். ஆயினும் காட்டுவேரே சாயம் மிகுந்தது எனச் சாயக்காரர் அதனையே விரும்பினர். ஆகவே பாத்திகட்டிப் பயிரிடுதல் மட்டும் போதாது. பூடு தானாக வாழும் மணற்காடும் வேண்டும்.

அக்காடு யாருடையது? இங்கேதான் சிக்கல். 1990 ஒற்றோபரில் வெளியேற்றப்பட்ட முசலி முஸ்லிம் மக்கள், போர் முடிந்து மீண்டபோது, வாழ்ந்த நிலத்தில் மரங்கள் ஓங்கி நின்றன. 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி காட்டொதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. 2017 இல் மாவில்லு பேணற்காடும் அறிவிக்கப்பட்டது. காடு அழிகிறதென ஒரு சாராரும், ஊர் பறிபோகிறதென மற்றொரு சாராரும் முழங்கினர். நான் ஊராரின் பக்கமே சாய்வேன். ஆயினும் கனரக இயந்திரம் கொண்டு காட்டைத் தரைமட்டமாக்குவதற்கு உடன்படேன். எல்லைக்கல் நாட்டி ஊரை வெளியே நிறுத்துதல் காடு காத்தல் ஆகாது. கும்பனிப் புத்தியே அது.

நேபாளத்தில் 1993 ஆம் ஆண்டு வனச்சட்டம் ஊர்ப் பயனாளர் குழுக்களிடம் காடுகளை ஒப்படைக்க வழிவகுத்தது. மலைச்சரிவிலே சடாமாஞ்சில் முதலிய வாசனை மூலிகைகளை அக்குழுக்கள் எடுத்து விற்கின்றன. எந்தப் பகுதியில், எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கொருமுறை எடுப்பது என்பதற்கு அவர்களிடம் திட்டம் உண்டு. குறைகளும் உண்டு, இடைத்தரகன் அங்கும் இருக்கிறான். ஆயினும், இவ்வாண்டு பேராசைப்பட்டால் வரும் ஆண்டு தன் வீடே பட்டினி என்பதை அறிந்தவன் கையிற் காடு இருக்கிறது. முசலியிலும் மடுவிலும் இதனைச் சிறிதளவிலேனும் செய்து பார்க்கலாகாதா? சாயவேர், ஆவாரை, வெட்டிவேர் என மூன்றோடு தொடங்கலாம். விதை உதிர்ந்த பின்னரே தோண்டுதல், தோண்டிய இடத்தைச் சில ஆண்டு ஆறவிடுதல் என்பவற்றை ஊரவையே விதிக்கட்டும். வனத் திணைக்களம் மேற்பார்க்கட்டும்.

எங்கள் வளவில் ஒரு மணற்பாத்தி அமைத்தோம். சாயவேரின் விதை தூள் போன்றது, முளைத்தது சிறிது. முளைத்ததையும் மன்னார்க் கழுதைகள் விட்டுவைக்கவில்லை. வேலி அடைத்து, மாரி தொடங்குமுன் மறுபடி விதைக்க வேண்டும்.