வேலை இளைஞருக்கு, மேடை பெரியவருக்கு

எந்த ஊராக இருந்தாலும் சரி, எந்தத் தொழில் சங்கமாக இருந்தாலும் சரி... பொறியாளர் சங்கம், கணக்காளர் சங்கம், மருத்துவர் சங்கம் என்று எங்கே போனாலும் மாதக் கூட்டத்தில் ஒரு காட்சி மட்டும் மாறாது. மேடையில் ஒரு மூத்த உறுப்பினர் மைக்கைப் பிடித்து, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு சங்கம், சேவை எதிலயும் ஈடுபாடே இல்லீங்க. கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க" என்று வருத்தப்படுவார். முன்வரிசைத் தலைகள் ஆமாம் என்று ஆடும். அதே நேரம் ஹாலின் பின்பக்கம் இரண்டு பேர் புரொஜெக்டர் வயரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார்கள். இன்னொருவர் எத்தனை டீ சொல்வது என்று தலை எண்ணிக் கொண்டிருப்பார். மூவருக்கும் வயது முப்பதுக்குள்தான் இருக்கும்!

வராத இளைஞர்களைப் பற்றிய புலம்பலை, வந்த இளைஞர்கள் நின்றுகொண்டே கேட்கிறார்கள். பிரச்சினையே இதுதான்.

இந்தப் புலம்பலுக்கு மருந்து என்று சொல்லி ஒரு பயிற்சி வகுப்பு ரொம்ப நாளாகச் சுற்றிக் கொண்டிருக்கிறது. 'தலைமுறைகளைப் புரிந்துகொள்வது எப்படி?' என்று ஸ்லைடு போட்டு விளக்குவார்கள். பேபி பூமர்களுக்கு விசுவாசம் அதிகம், போனில் பேசினால் பிடிக்கும். எக்ஸ் தலைமுறை யாரையும் எளிதில் நம்பாது. மில்லினியல்களைப் பாராட்டிக் கொண்டே இருக்க வேண்டும். இசட் தலைமுறைக்கு எதிலும் கவனம் நிற்காது. ஜாதகத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். ஜாதகத்தில் பிறந்த நேரமாவது கேட்பார்கள், இங்கே பிறந்த வருஷமே போதும்!

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை எகிறியது. 1946 முதல் 1964 வரை பிறந்த அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் பேபி பூமர். வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1991ல் எழுதிய 'ஜெனரேஷன்ஸ்' என்ற புத்தகம், தலைமுறைக்கு ஒரு குணம் என்ற கருத்தைப் பரப்பியது. மில்லினியல் என்ற பெயரும் இவர்கள் புண்ணியம்தான். சரி, 1950ல் தஞ்சாவூரில் பிறந்தவருக்கும் அமெரிக்காவின் பிறப்பு விகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் கார்டுக்குக் காத்திருந்தவர் அவர். 1991ல் வந்த பொருளாதார மாற்றத்துக்குப் பிறகு வேலைக்குப் போன அவர் மகன் உலகம் வேறு. இந்தியாவில் கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்றால் அது இங்கேதான் விழும், நியூயார்க்கில் அல்ல.

அந்தக் கோடுகள் அமெரிக்காவிலேயே நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தலைமுறை முத்திரையை வைத்து ஊழியர்களை நிர்வகிப்பதற்கு ஆராய்ச்சியில் வலுவான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய அகாடமிகளின் அறிக்கை 2020ல் சொல்லிவிட்டது. தலைமுறை ஆய்வுகளுக்குப் பேர்போன பியூ ஆய்வு மையமே, இனி இந்த முத்திரைகளைப் பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று 2023ல் பின்வாங்கியது. ஆனால் நம் ஊர் சங்கங்களில் ஸ்லைடு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. 'அவங்க தலைமுறையே அப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் சங்கம் தன்னிடம் எதையும் மாற்ற வேண்டியதில்லை!

உண்மையில் மாற வேண்டியது எது? பொறியியல் கல்லூரிகளில் இருக்கும் மாணவர் கிளைகளைப் பாருங்கள். சிம்போசியம் என்றால் ஸ்பான்சர் தேடி வெயிலில் அலைவது மாணவர் செயலாளர். ஜெராக்ஸ் கடை, பேனர், மெமெண்டோ, பொன்னாடை, குத்துவிளக்குக்கு எண்ணெய், சிறப்பு விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும் கார், எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் யாரை விருந்தினராக அழைப்பது, எந்தத் தலைப்பு, எவ்வளவு செலவு என்று முடிவு எடுக்கும் அறையில் அவருக்கு நாற்காலி இருக்காது. காசோலையில் அவர் கையெழுத்து இருக்காது. கடைசியில் நன்றியுரை மட்டும் அவர் தலையில் விழும். அதிலும் யார் பெயரும் விட்டுப் போகக் கூடாது, வரிசையும் மாறக் கூடாது! இரண்டு வருஷம் இப்படி ஆணி பிடுங்கியவர் பட்டம் வாங்கிய பிறகு உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்றால் அது தலைமுறைக் கோளாறா?

சம்பளத்துக்கு வேலை செய்பவர் பிடிக்காத முடிவையும் சகித்துக் கொள்வார். மாசம் பிறந்தால் பணம் வரும். தன்னார்வலருக்கு அது இல்லை. அவருக்குக் கிடைக்கக் கூடிய கூலி இரண்டே இரண்டுதான். ஒன்று, புதிதாக ஏதாவது கற்றுக் கொள்வது. இன்னொன்று, தன் பேச்சும் எடுபடுகிறது என்ற நிறைவு. இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு 'ஆள் கிடைக்கவில்லை' என்பது, கூலி கொடுக்காமல் ஆள் தேடுவது போலத்தான்.

இதற்கு நல்ல பாடம் ஐ.இ.இ.இ.யின் வரலாற்றிலேயே இருக்கிறது. இன்று நான்கு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள சங்கம் அது. அதன் முன்னோடிகள் இரண்டு. 1884ல் நியூயார்க்கில் தொடங்கிய ஏ.ஐ.இ.இ. பெரியவர்களின் சங்கம். தந்தி, மின்விளக்கு, மின்சக்தி என்று வந்தவர்கள் அதில் இருந்தார்கள். எடிசனும் கிரஹாம் பெல்லும் அதன் முதல் துணைத் தலைவர்கள் வரிசையில் இருந்தவர்கள். பிறகு வானொலி வந்தது. அந்தப் புதுத் துறைக்காரர்கள் 1912ல் தனியாக ஐ.ஆர்.இ. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய மூவரில் ஒருவரான ஆல்ஃபிரட் கோல்ட்ஸ்மித்துக்கு அப்போது வயது 23.

புதுச் சங்கம் 1948ல் இன்னொரு காரியம் செய்தது. ஒரே துறையில் ஆர்வம் உள்ள உறுப்பினர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு குழு அமைத்து நடத்திக் கொள்ளலாம் என்று வழி விட்டது. ஆடியோ குழு முதலில் வந்தது, மற்றவை பின்னால் வந்தன. போருக்குப் பிறகு மின்னணுவியல் படித்து வந்த மாணவர்கள் இந்தப் பக்கமே சாய்ந்தார்கள். 1957ல் 28 வயது மூத்த சங்கத்தையே உறுப்பினர் எண்ணிக்கையில் ஐ.ஆர்.இ. தாண்டிவிட்டது. 1963ல் இரண்டும் இணைந்து ஐ.இ.இ.இ. பிறந்தது. மின்னணுவியல் வளர்ந்ததும் இதற்குக் காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு ஒரு மூலையை முழுசாக விட்டுக்கொடுத்த சங்கத்தைத் தேடித்தான் கூட்டம் போனது.

கதை இதோடு முடியவில்லை. 23 வயதில் சங்கம் தொடங்கிய அதே கோல்ட்ஸ்மித், அதன் ஆய்விதழுக்கு 1912 முதல் 1954 வரை 42 வருஷம் ஆசிரியராக இருந்தார். திறமைசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் நேற்றைய இளைஞரும் நாற்காலி கிடைத்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? ஆக, இது எந்தத் தலைமுறையின் குணமும் இல்லை. நாற்காலியின் குணம்!

அப்படியானால் வயது வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பிறந்த வருஷத்தில் இல்லை, வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதில் இருக்கிறது. 22 வயதுக்காரருக்கு வேலை வேண்டும், அறிமுகங்கள் வேண்டும். 35 வயதுக்காரருக்குக் கைக்குழந்தை, வீட்டுக் கடன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவரைக் கூட்டத்தில் உட்கார வைப்பது பாவம். 50 வயதுக்காரருக்குப் பதவியும் தொடர்பும் இருக்கும், நேரம் இருக்காது. 65 வயதுக்காரருக்கு நேரம் இருக்கும், இன்னும் தன்னால் பயன் உண்டு என்று யாராவது சொல்ல வேண்டும். ஒரே மனிதர்தான் இந்த நான்கு கட்டத்தையும் கடக்கிறார். அதைப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர்தான் தலைவர். 'விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்' என்று எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல. "தம்பி, நீங்க போன மாசம் கேட்ட கேள்வி நல்லா இருந்துச்சு. அதை வெச்சே ஒரு அரை நாள் வகுப்பு நடத்தித் தர முடியுமா? மூணு மாசம்தான்" என்று நேரில் பெயர் சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

இளைஞர்கள் மேல் தப்பே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. சான்றிதழுக்காகவும் ஓ.டி.க்காகவும் சேருகிறவர்கள் உண்டு. ரெஸ்யூமேயில் 'செயற்குழு உறுப்பினர்' என்று போட்டுவிட்டு, கேம்பஸில் வேலை கிடைத்த மறுநாள் காணாமல் போகிறவர்களும் உண்டு. வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் காட்டிவிட்டு வேலைக்கு வராதவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். ஆனால் சான்றிதழைத் தூண்டிலில் மாட்டியது யார்? அதைக் கடித்த மீனைத் திட்டுவதில் என்ன நியாயம்?

பெரியவர்களின் பயமும் பொய்யில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன் கீழ் பதிவான சங்கம் வருஷா வருஷம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். விழா நடத்தத் துடிக்கிற எத்தனை இளைஞர்களுக்கு இது தெரியும்? பல சங்கங்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு வயதான பொருளாளர்தான். அவருக்கு மரியாதை செய்ய பொன்னாடை போதாது. அவர் பக்கத்தில் ஒரு வருஷம் ஒரு இளைஞரை உட்கார வைத்து அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வைப்பதுதான் மரியாதை. இல்லையென்றால் அவரோடு சேர்ந்து சங்கமும் போய்விடும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒன்று, எந்தப் பதவியும் இரண்டு முறைக்கு மேல் ஒருவருக்கு வேண்டாம்; 'நிரந்தர ஆலோசகர்' என்று பின்வாசல் வழியாக வருவதும் வேண்டாம். இரண்டு, வருஷத்தில் ஒரு நிகழ்ச்சியையாவது பணத்தோடு, முடிவெடுக்கும் உரிமையோடு இளையவர்களிடம் முழுசாகக் கொடுக்க வேண்டும். சொதப்பினால் சொதப்பட்டும். இன்றைய பெரியவர்கள் சொதப்பாமலா கற்றுக் கொண்டார்கள்? மூன்று, பதவி முடிந்த தலைவருக்கும் ஒரு வேலை வேண்டும். மேடை அல்ல, வேலை! நாலு மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அடுத்த மாதக் கூட்டத்திலும் யாராவது மைக்கைப் பிடித்து 'இளைஞர்கள் வருவதில்லை' என்று ஆரம்பிக்கத்தான் போகிறார்கள். அப்போது முன்வரிசையில் இருப்பவர்கள் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும். புரொஜெக்டர் பக்கத்தில் நிற்பவரின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். வயரைத் தேடி முன்வரிசைதான் எழுந்து போக வேண்டியிருக்கும்.