சக்கரத்தின் உயிர் குடத்தில்

கியர் இல்லாத ஒற்றைப் பற்சக்கரத் துவிச்சக்கரவண்டிகள் மேலைநாட்டு நகரங்களில் மீண்டும் மோஸ்தராகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எமக்கோ இது புதினமன்று. 1990களில் எரிபொருள் தடைக்குள் சிக்கியிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுமந்தது இந்த வண்டிதான். இன்று பழைய சட்டமொன்றைத் தேடியெடுத்து, தாமே கம்பி கோத்துச் சக்கரம் கட்ட விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

பலரும் றிம்மின் நிறத்தைப் பார்க்கின்றனர். ரயரின் அகலத்தைப் பார்க்கின்றனர். ஹப் எனப்படும் நடுக்குடத்தைப் பற்றிக் கடைசியாகவே யோசிக்கின்றனர். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது' என்று எம்மவர் சும்மா சொல்லவில்லை. றிம் தேயும், கம்பி அறும்; நல்ல குடமோ பல றிம்களுக்கு ஈடுகொடுக்கும். ஆகவே கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு குடத்துக்கே போக வேண்டும்.

முதற்கேள்வி, பிறீவீலா அல்லது வண்டியோடு மிதியும் ஓயாமற் சுழலும் நிலைப்பற்சக்கரமா என்பது. இது உயிரோடு சம்பந்தப்பட்டது. பிறீவீலுக்கென்று செய்த குடத்தில் நிலைப்பற்சக்கரத்தையும் திருகிவிடலாம், புரி ஒத்துப்போகும். ஆனால் வேகத்தைக் குறைக்க மிதியைப் பின்னோக்கி அழுத்தும்போது அது கழன்றுவிடக்கூடும். உண்மையான நிலைக்குடத்தில், எதிர்ப்புறமாகத் திருகும் பூட்டுவளையத்துக்கென்று சற்றுச் சிறிய இரண்டாவது புரி உண்டு. பற்சக்கரம் கழல முயன்றால் வளையம் மேலும் இறுகும். அந்த இரண்டாவது புரி இல்லாத குடத்தில் நிலைப்பற்சக்கரம் பூட்டுவதை ஆங்கிலேயர் 'தற்கொலைக் குடம்' என்றே அழைக்கின்றனர். பெயரே போதும்! பூட்டுவளையம் இருந்தாலும் முன் பிறேக்கைக் கழற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது, அகலம். ஓட்டப்பந்தயத் தடத்துக்கான பின்குடத்தின் வழமையான அகலம் 120 மில்லிமீற்றர். பழைய வண்டிகளிற் பல 110 அளவிலும், கியர் பூட்டிய பந்தய வண்டிகள் 126, 130 அளவிலும் இருக்கும். சட்டத்தின் பின்கவையை அளக்காமல் குடம் வாங்குவது காலை அளக்காமற் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, உள்ளே உருளும் குண்டுகள். அடைத்த பெயாரிங் மழைநீரையும் சேற்றையும் நன்கு தடுக்கும். தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டும். கிண்ணமும் கூம்பும் கொண்ட பழைய முறையில் இரண்டு சாவிகளும் கொஞ்சம் கிறீசும் இருந்தாற் போதும், ஊரின் எந்தச் சைக்கிள் கடையிலும் திறந்து சரிசெய்யலாம். கவனியாது விட்டால் மட்டும் கிண்ணத்திற் குழி விழும். பிறகு குடமே பாழ். ஆண்டுக்கொரு முறை திறந்து கிறீஸ் மாற்றும் பொறுமை உள்ளவருக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன். அந்தப் பொறுமை இல்லாதவர் முன்னதை வாங்கட்டும்.

கம்பித் துளைகள் 36 இருந்தால் எம் வீதிகளின் பள்ளங்களுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கடைக்காரர் விலையைச் சொல்லுமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பூட்டுவளையத்துக்குப் புரி இருக்கிறதா? இல்லையென்றால், பிறீவீல் பூட்டி நிம்மதியாக ஓடுங்கள். அதிலும் இழுக்கு ஒன்றுமில்லை.