பம்பு மேல பழி போடாதீங்க

"பஞ்சகவ்யா அடிச்சா ஸ்பிரேயர் அடைச்சுக்குதுங்க, அதான் விட்டுட்டேன்." நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. நல்ல இடுபொருளைக் கைவிட இது ஒரு காரணமே இல்லை என்பது என் கருத்து.

முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பான்களில் பெரும்பாலும் இருப்பது டயாபிரம் பம்பு. கொல்லுப்பட்டறைத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. மோட்டார் அதை முன்னும் பின்னும் அசைக்கிறது. சவ்வு பின்வாங்கும்போது உள்வால்வு திறந்து கரைசல் வரும். முன்னே தள்ளும்போது உள்வால்வு மூடி, வெளிவால்வு திறந்து கரைசல் நாஸிலுக்குப் போகும். அவ்வளவுதான்.

கரைசல் சவ்வுக்கு ஒரு பக்கம், மோட்டார் மறுபக்கம். பிஸ்டன் பம்பில் இருப்பது போல உரசித் தேய்கிற வாஷர் இதில் கிடையாது. தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்கவும் வேண்டாம், தானே உறிஞ்சிக்கொள்ளும். வீட்டு ஆர்.ஓ. எந்திரத்திலும் இதே வகைதான். ஆலைகளில் பெயிண்டையும் சேற்றையும் ஏற்றுவது இதன் பெரிய அண்ணன்.

ஆனால் நம்முடையது சின்னத் தம்பி. வால்வு ஒரு மெல்லிய ரப்பர் துண்டு. அதில் ஒரு வைக்கோல் நாரோ சாணித் துகளோ உட்கார்ந்தால் வால்வு முழுசா மூடாது. உறிஞ்சிய கரைசல் வந்த வழியே திரும்பும். மோட்டார் சத்தம் கேட்கும், தெளிப்பு வராது. "பம்பு போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்தால், மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டியே டேங்கில் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரைச் சில நிமிடம் ஓட்டுங்கள். வேப்பெண்ணெய் அடித்த அன்று சோப்புத் தண்ணீர். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

இன்னொன்று. எந்திரக் கடன் மனுக்களை வருஷக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலையும் மானியமும் கேட்கிற நாம், உதிரிபாகம் கேட்பதில்லை. சவ்வும் வால்வும் தனியாகக் கிடைத்தால் பழுது சில்லறைச் செலவு. கிடைக்காவிட்டால் முழு பம்பையும் மாற்ற வேண்டும். வாங்கும்போதே கேளுங்கள். இல்லை என்கிற கடையில் வாங்காதீர்கள். ஒவ்வொரு உழவர் குழுவும் இரண்டு செட் சவ்வு, வால்வு வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். மாட்டத் தெரிந்த இளைஞர் ஒருவரும் இருக்கட்டும். இடுபொருளைச் சொந்தமாகத் தயாரிக்கிற நமக்கு, ஒரு சவ்வை மாற்றுவது பெரிய வித்தையா என்ன?