கடிக்கிற பார்ட்டியை கரெக்ட் பண்ணுவது எப்படி?

ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் ரகசியமா ஹாம்ஸ்டர் வளர்க்கும் புண்ணியவான்களே... வார்டன் கண்ணில் படாமல் படிங்க!

பெட் ஷாப்பில் 'சோ க்யூட்!' என்று தூக்கி வருவோம். ரெண்டாவது நாளே விரலில் நறுக்கென்று ஒரு கடி. மூணாவது வாரம், 'இது சரியான முசுடு மச்சி, உனக்கு வேணுமா?' என்று அடுத்தவன் தலையில் கட்டப் பார்ப்போம். பாவம், பல ஹாம்ஸ்டர்களின் தலையெழுத்து இதுதான்.

இத்தனைக்கும் கடையில் கிடைக்கும் கோல்டன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம். 1930-ல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி. பிடிபட்ட பதற்றத்தில் அந்தத் தாய் தன் குட்டி ஒன்றையே கொன்றுவிட்டது. தப்பிப் பிழைத்த குட்டிகளின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுக்க! ஆக, எல்லாரும் பங்காளிங்க. ஆனா குணம் மட்டும் ஒத்துப்போகாது. (நம்ம பங்காளிங்க மட்டும் என்னவாம்?)

என் வீட்டில் ரெண்டு பேர். தனித்தனிக் கூண்டு. கோல்டன் வகையில் வளர்ந்த ரெண்டை ஒன்றாகப் போட்டால் கொலைவெறிச் சண்டைதான். 'ஜாங்கிரி'க்கு பயம்னா என்னன்னே தெரியாது. நாலே நாளில் என் சட்டைக் கைக்குள் புகுந்துட்டான். 'மிளகா' அப்படியில்லை. விரலைக் கண்டாலே மூலையில் ஒடுங்கி, பல்லைக் காட்டுவாள்.

அவள் பக்கம் நின்று யோசிங்க. கண் பார்வை ரொம்ப சுமார், எல்லாம் மூக்குதான். அவங்க பரம்பரைக்கு மேலேயிருந்து வருவது என்றால் பருந்து, ஆந்தை. அப்போ மேலேயிருந்து இறங்கும் உங்க கை? சிப்ஸ் தின்ற விரலை நீட்டினால் கடிப்பது கோபத்தில்கூட இல்லை, டிபன்னு நினைச்சு!

அதனால முதல் வாரம் நான் அவளைத் தொடவே இல்லை. ராத்திரி கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவா பேசிக்கிட்டே அசைன்மென்ட் எழுதுவேன். (பகல் அவளுக்குத் தூக்க நேரம். மதியத் தூக்கத்தில் தட்டி எழுப்பினா நாமகூட கடிப்போம்!) அப்புறம், கையிலேயே வச்சிருந்த ஒரு டிஷ்யூவைக் கிழித்து உள்ளே போட்டேன். இழுத்துட்டுப் போய் மெத்தை போட்டுக்கிட்டா. என் வாசனை பழகணுமே, அதுக்குத்தான்.

அடுத்து, நல்லா கழுவின கையைக் கூண்டுத் தரையில் வைத்து, உள்ளங்கையில் ஒரே ஒரு சூரியகாந்தி விதை. வந்தா வரட்டும், எடுத்துட்டு ஓடினா ஓடட்டும். கையை ஆட்டக்கூடாது, அதுதான் நமக்குப் பரீட்சை. ஆறாவது வாரம், ஓடாமல் என் கையில் உட்கார்ந்தே விதையை உரிச்சா பாருங்க... யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கின ஃபீலிங்! இப்பவும் வெளியே எடுக்கணும்னா பிடிக்கிறதில்லை. குளியல் மக்கைப் படுக்க வைத்தால், தானே நடந்து உள்ளே வருவா.

நம்ம ஊர் மே மாசத்தில் மட்டும் ஜாக்கிரதை. 30 டிகிரியைத் தாண்டினாலே இவங்களுக்கு ஆபத்து. கடிக்கிற பார்ட்டி திடீர்னு கையில் சாதுவா துவண்டு கிடந்தால், 'பழகிடுச்சுடா'ன்னு குஷியாகாதீங்க. அது வெயிலில் மயங்கிக்கிட்டு இருக்கு. குளிர்ச்சியான இடத்துக்கு மாத்தி, கால்நடை டாக்டரிடம் ஓடுங்க.

ஹாம்ஸ்டரின் ஆயுசே ரெண்டு, மூணு வருஷம்தான். மிளகா என்னை நம்ப எடுத்துக்கிட்ட ஆறு வாரம், நம்ம ஆயுசுக் கணக்கில் கிட்டத்தட்ட மூணு வருஷம். முழுசா ஒரு டிகிரி! இன்னமும் அவள் சட்டைக் கைக்குள் புகுந்ததில்லை. முழங்கை வரை வந்து, மோந்து பார்த்துட்டு, திரும்பிடுவா. 'ஜாங்கிரியைப் பாரு, எவ்ளோ சமத்து!' என்று நான் சொல்றதில்லை. பக்கத்து வீட்டுப் பையனோடு கம்பேர் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்ட அனுபவம் நமக்கு இல்லையா என்ன?