உர மானியப் பட்டியல் மக்கள் பார்வைக்கு வரவேண்டும்

நெற்செய்கையாளர்களுக்கான உர மானியம் இந்நாட்டில் 1962 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஆட்சிக்கு வந்த ஒவ்வோர் அரசாங்கமும் அதனைக் கூட்டியோ குறைத்தோ வடிவம் மாற்றியோ வந்துள்ளது. 2005 ஆம் ஆண்டிலிருந்து 50 கிலோகிராம் உரமூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2016 இல் மூடைக்குப் பதிலாகப் பணம் வழங்கப்பட்டது. 2018 இல் மீண்டும் மூடை வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, விவசாயிகள் வீதிக்கு இறங்கிய பின்னர் நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. 2024 இல் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இந்த மாற்றங்களுக்கிடையே ஒரு விடயம் கவனிக்கப்படாமல் போயுள்ளது. மூடை வழங்கப்பட்ட காலத்தில் யார் எத்தனை மூடை ஏற்றிச் சென்றார் என்பதை ஊர் கண்டது. வயலே இல்லாதவர் உழவு இயந்திரத்தில் உரம் ஏற்றினால் அயலவர் கேள்வி எழுப்பினர். வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படும் பணத்தையோ எவரும் காண்பதில்லை. எனவே, பண மானியத்திற்கு வெளிப்படைத்தன்மை முன்னரை விட அதிகமாகத் தேவைப்படுகின்றது.

வடக்கு, கிழக்கில் இதன் பாரதூரம் அதிகமாகும். இங்கு காணி உரிமையாளர் ஒருவராகவும் சேற்றில் இறங்கிச் செய்கை பண்ணுபவர் இன்னொருவராகவும் இருப்பது சாதாரணமானது. யுத்தத்தினாலும் இடப்பெயர்வினாலும் காணி ஆவணங்களை இழந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பல. கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் எவருடைய பெயர் உள்ளதோ அவருக்கே பணம் கிடைக்கும். குத்தகைக்குச் செய்பவரின் பெயர் விடுபட்டிருந்தால், பெரும்போகம் முடிந்த பின்னர் அதனை அறிந்து பயனில்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்விபரத்தைக் கோருவதற்கு வழி செய்கின்றது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஆயினும், விதைப்புக்கு நாட்கள் எண்ணப்படும் வேளையில் ஏழை விவசாயி விண்ணப்பத்துடன் அலைய வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது. கேட்டபின் கொடுப்பதை விடக் கேட்குமுன் காட்டுவதே மேல்.

பெயர்களை வெளியிடுவது தனியுரிமையைப் பாதிக்கும் என்ற வாதம் ஒதுக்கத்தக்கதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் விவசாய மானியம் பெறுவோரின் பெயர்களை வெளியிட்டு வந்தபோது, தனிநபர்களின் விபரங்களை வேறுபாடின்றி வெளியிடுவது செல்லாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஒன்றியம் அம்முயற்சியைக் கைவிடவில்லை. சிறுதொகை பெறுவோரின் பெயர்களை மறைத்து, ஏனையோரின் விபரங்களை வெளியிடும் விதிகளை 2013 இல் கொண்டுவந்தது. எமது சட்டமும் பரந்த பொதுநலன் வேண்டும்போது தனிப்பட்ட தகவலை வெளியிட இடமளிக்கின்றது.

இணையத்தில் பட்டியலை ஏற்றிவிட்டால் மட்டும் போதுமெனவும் நாம் கருதவில்லை. இந்தியாவின் பிரதமர் கிசான் திட்டப் பயனாளிகளைக் கிராமவாரியாக இணையத்தில் பார்க்கலாம். இருந்தும் 2020 இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற இலட்சக்கணக்கானோர் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டமை அம்பலமானது. பணம் போனபின் அதனை மீட்பது கடினம்.

ஆகவே ஒவ்வொரு போகத்திலும் பணம் வைப்பிலிடப்படுவதற்கு முன்னரே, பெயர், வயற்கண்டம், செய்கை பண்ணும் பரப்பு, தொகை ஆகியவை அடங்கிய பட்டியல் கமநல சேவை நிலையங்களில் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கவிடப்பட வேண்டும். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கிலக்கமும் அதில் இடம்பெறத் தேவையில்லை. ஆட்சேபனை தெரிவிக்கவும் விடுபட்டோர் முறையிடவும் போதிய அவகாசம் அளிக்கப்பட வேண்டும். பெரும் செலவில்லாத இந்தக் காரியத்திற்கு வேண்டியது மனம் மட்டுமே. மக்களின் வரிப்பணம் உழுபவனின் கையைச் சென்றடைகின்றதா என்பதை மக்களே பார்த்தறிய அரசாங்கம் வழிவிட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.