பொறுப்பு உண்டு, பொக்கிஷம் இல்லை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எழும்பியுள்ள தொழிற்சாலைகளைக் கண்டு பெருமிதம் கொள்ளாத தமிழர் இருக்க முடியாது. அவ்வாலைகள் தமக்கு வேண்டிய காற்று மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் தொலைவிலிருந்து தருவித்துக்கொள்ள 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. முதல் உள்ளவருக்கு அவ்வழி திறந்தே இருக்கிறது. அவற்றைச் சூழ்ந்துள்ள கிராமப் பஞ்சாயத்துகளோ தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டணம் செலுத்தும் ஸ்தாபனங்களாகவே பெரும்பாலும் காலந்தள்ளுகின்றன. இது நியாயமா?

அரசியல் சட்டத்தில் குறைவில்லை. 1993-இல் அமுலுக்கு வந்த 73-ஆவது திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க காரியங்களில் மரபுசாரா எரிசக்தியையும் சேர்த்திருக்கிறது. ஆனால், பொறுப்பைக் குறிப்பிட்டவர்கள் பொக்கிஷத்தின் சாவியைத் தரவில்லை. வீட்டு வரியின் வீத வரம்பை மாநில விதிகள் நிர்ணயிக்கின்றன. ஆலைகள் செலவிடும் மின்சாரத்தின் மீது வரி விதிக்கும் உரிமை மாநில சர்க்காருடையது. மத்திய நிதிக் கமிஷன் மானியமோ, 2021 முதல் 2026 வரையிலான காலத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே எனக் கட்டுப்படுத்தப்பட்டது. அவை அவசியமானவையே. எனினும், தன் பணத்தைத் தானே திட்டமிட்டுச் செலவிட முடியாத சபை எதிர்காலத்துக்கு எவ்வாறு முதலிடும்?

கையில் சொந்தப் பணமிருந்தால் கிராமம் என்ன செய்யும் என்பதைக் கோவை ஜில்லாவின் ஓடந்துறைப் பஞ்சாயத்து காட்டிவிட்டது. 2006-இல் அது சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. 40 லட்சம் தன் சேமிப்பு; மற்றது பாங்குக் கடன். வருஷத்துக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம். மிகுதி மின்சார வாரியத்துக்கு விற்பனை. அந்தக் காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று. காற்று வளமுள்ள உடுமலைப்பேட்டைப் பக்கத்தில். ஆகவே, ஒரகடத்தில் காற்றில்லை என்ற சமாதானம் செல்லாது.

கிராமத்தார் கையில் பணம் கொடுத்தால் விரயமாகும் என்பார் உண்டு. அதே காஞ்சிபுரம் ஜில்லாவில் உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டை அவர்கள் போய்ப் பார்க்கட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன், பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரிக்கொரு வாரியம், பொன்னுக்கொரு வாரியம் என வகுத்த சபை அது. கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் சபைக்கு வரவொட்டாமல் தடுத்தது. விரயத்துக்கு மருந்து கணக்குக் கேட்பதே, கஜானாவைப் பூட்டுவதல்ல.

நாம் கோருவது இதுதான். இவ்வட்டாரத்து ஆலைகளிடம் வசூலாகும் மின்சார வரியில் ஒரு நியாயமான பங்கை, நிபந்தனையின்றிச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளுக்கு அளிக்க வேண்டும். பல பஞ்சாயத்துகள் ஒன்றுசேர்ந்து காற்றாலையோ சூரிய நிலையமோ அமைக்கக் கடன் பெறுவதையும் எளிதாக்க வேண்டும். ஒவ்வொரு காசின் கணக்கும் கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

கொடுப்பார் தாமாகக் கொடுப்பார் என்று காத்திருப்பதில் பயனில்லை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடும்போது, தேச ஊழியர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும். வரவு செலவில் அதிகாரமில்லாத சுயாட்சி பெயரளவில்தான் சுயாட்சி.